பெங்களூரில் மூன்று மாத ஏசி கோர்ஸ்: பிரேசிங்கில் பாஸ், பிசிபியில் ஃபெயில்

ஓசூர் ரோட்டை ஒட்டி நடக்கும் ஒரு தனியார் ஏசி மெக்கானிக் பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு இது. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஒரு பேட்சில் இருபது பேர். கட்டணம் 35,000 ரூபாய். கருவிப் பெட்டி அதில் சேராது. மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பாடத்தை, கிட்டத்தட்ட இதே குறைகளோடு, ஊரில் வேறு இடங்களிலும் நடத்துகிறார்கள். எந்த மையத்தின் வாசலில் நின்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்.

சேருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். ஈஜிபுரா, பொம்மனஹள்ளி, லிங்கராஜபுரத்துப் பையன்கள். ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. வகுப்பு கன்னடமும் தமிழும் இந்தியும் கலந்து ஓடுகிறது. பட்டறையில் அது ஒரு குறையே இல்லை. ஸ்லைடுகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சூப்பர்ஹீட் (ஆவியான பிறகு கேஸில் கூடுதலாக ஏறும் சூடு), சப்கூலிங் (திரவமான பிறகு கூடுதலாக இறங்கும் சூடு) போன்றவற்றை வரையறையாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், அழுத்தம் காட்டும் கேஜைக் கையில் கொடுத்துப் புரிய வைப்பதில்லை. சக்‌ஷன் குழாயில் (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய்) தெர்மாமீட்டரைக் கட்டி, அதில் வரும் அளவிலிருந்து கேஜ் காட்டும் ஆவியாதல் வெப்பநிலையைக் கழித்தால் சூப்பர்ஹீட். ஐந்து நிமிட வேலை இது. ஸ்லைடில் நாற்பது நிமிடம் போகிறது.

முதல் ஐந்து வாரம் கட்டணத்துக்குத் தகும். ஆறிலிருந்து ஒன்பதாம் வாரம் வரை பழைய காலத்துப் பாடம். கடைசி மூன்று வாரம் ஒப்புக்கு நடக்கிறது.

பிரேசிங், ஃப்ளேரிங்: இங்கேதான் காசு தேறுகிறது

தெருவில் வெல்டிங் என்று சொல்வதெல்லாம் இந்தத் தொழிலில் பிரேசிங்தான். குழாய் உருகக் கூடாது, இடையில் போடும் கம்பி மட்டும் உருகி இடுக்கில் ஏற வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லி, முதல் நாளே டார்ச்சைக் கையில் கொடுக்கிறார்கள். ஆக்சிஜன்-எல்பிஜி டார்ச் நான்கு இருக்கிறது, ஒன்றுக்கு ஐந்து பேர். 1/4, 3/8, 1/2, 5/8 அங்குலக் குழாய்களில் ஆளுக்கு நாற்பது ஜாயின்ட்டாவது போட வைக்கிறார்கள். காப்பர் விற்கிற விலையில் இது பெரிய விஷயம். பல மையங்களில் ஆசிரியர் ஒரு ஜாயின்ட் போடுவார், மற்றவர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள்.

ஜாயின்ட் போட்டதும் வெளியே பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகாமல், ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்க்கிறார்கள். இது நல்ல பழக்கம். வெளியே பளபளவென்று மோதிரம் போட்டது போல் இருக்கும் ஜாயின்ட், உள்ளே கால் பங்குகூட ஏறாமல் இருப்பதை அறுத்தால்தான் கண்ணால் பார்க்க முடியும். காரணம் எப்போதும் ஒன்றுதான்: சுடரைக் கம்பியின் மேல் காட்டுவது. முதலில் உள்ளே போகும் குழாயைச் சூடாக்க வேண்டும், பிறகு வெளிக் கப்பை. இரண்டும் செர்ரிப் பழச் சிவப்புக்கு வந்ததும் கம்பியைத் தொட வேண்டும். குழாயின் சூட்டில் கம்பி உருகினால் இடுக்கு அதைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். சுடரில் உருக்கிச் சொட்டவிட்டால் அது மேலேயே குந்திக்கொள்ளும்.

எந்தக் கம்பியை எங்கே போடுவது என்பதையும் சரியாகச் சொல்லித் தருகிறார்கள். காப்பருக்குக் காப்பர் என்றால் பாஸ்பரஸ் கலந்த கம்பி, ஃப்ளக்ஸ் தேவையில்லை. ஒரு பக்கம் இரும்போ பித்தளையோ இருந்தால் சில்வர் கம்பியும் ஃப்ளக்ஸும். இரும்பில் பாஸ்பரஸ் கம்பியைப் போட்டால் அப்போது பிடித்துக்கொண்டது போலத் தெரியும். ஆனால் அந்த ஜாயின்ட் நொறுங்கும் தன்மை கொண்டது, கம்ப்ரஸர் அதிர்வில் நாளடைவில் மயிரிழையாக விரியும். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றிய ஃப்ரிட்ஜ் சில மாதத்தில் மறுபடி கேஸ் போய் வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் மெல்ல நைட்ரஜன் ஓட வேண்டும், கன்னத்தில் பட்டால் உணர்கிற அளவு போதும். இங்கே முதல் பத்து ஜாயின்ட்டை நைட்ரஜன் இல்லாமலும் அடுத்தவற்றை நைட்ரஜனோடும் போடச் சொல்லி, இரண்டையும் அறுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். முன்னதில் உள்ளே கரித்தூள் போல் கறுப்புச் செதில். அது காப்பர் ஆக்ஸைடு. பின்னதில் குழாய் புதுசு மாதிரி இருக்கிறது. அந்தச் செதில் நாளைக்குக் கேஸ் போகும் குறுகிய வழியான கேப்பிலரியையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ அடைக்கும். ஒரு முறை கண்ணால் பார்த்த பையன் நைட்ரஜனை மறக்க மாட்டான். பயிற்சியிலேயே மிகச் சிறந்த அரை மணி நேரம் இதுதான்.

ஒரு குறை. சர்வீஸ் வால்வுக்குப் பக்கத்தில் சூடு காட்டும்போது வால்வைச் சுற்றி ஈரத்துணி கட்ட வேண்டும் என்பதை வாயால் மட்டும் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சீல் உருகிப்போன ஒரு வால்வை அறுத்துக் காட்டினால் அதுவும் இதே மாதிரி மனதில் பதியும்.

ஃப்ளேரிங்கும், அதாவது நட்டுப் போட்டு இணைக்கக் குழாயின் வாயைப் புனல் போல் விரிப்பதும், நன்றாக இருக்கிறது. கட்டரால் வெட்டி, குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து பிசிறு நீக்கும் ரீமர் போட வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் பிசிறு உள்ளே விழும். நட்டைக் குழாயில் கோத்துவிட்டுத்தான் ஃப்ளேர் அடிக்க வேண்டும். ஃப்ளேர் அடித்த பிறகு நட்டைத் தேடுவது எல்லா பேட்சிலும் நடக்கிற வேடிக்கை. அளவைக் காலிப்பரில் பார்க்க வைக்கிறார்கள்: 1/2 அங்குலக் குழாயின் ஃப்ளேர் வாய் பழைய கேஸான ஆர்-22க்கு 16.2 மி.மீ., அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டுக்கும் 16.6 மி.மீ. அழுத்தம் கூடிய கேஸுக்கு அகலமான வாய் வேண்டும். பழைய அளவிலேயே அடித்துப் பழகிய கைதான் புது மெஷினில் லீக் விடுகிறது.

குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சத்தம் தரும் டார்க் ரெஞ்சு ஒன்றே ஒன்று, அதுவும் ஆசிரியரின் அலமாரியில். 1/4 அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8க்கு 34 முதல் 42, 1/2க்கு 49 முதல் 61. இந்த எண்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இருபது பேரில் எத்தனை பேர் கை அந்தக் கிளிக் சத்தத்தை உணர்ந்திருக்கும்? ஸ்பேனரில் பலம் காட்டி இறுக்கினால் 1/4 அங்குல ஃப்ளேர் மெலிந்து வெடிக்கும். வீட்டு ஏசியில் ‘வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்’ என்ற நம்பிக்கை பிறந்த இடம் இந்த நட்டுதான். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது.

வேக்குவம்: பெங்களூரில் 30 அங்குலம் வராது

கேஸ் ஏற்றும் முன் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சுவதுதான் வேக்குவம். பட்டறைச் சுவரில் ‘வேக்குவம் 30 அங்குலம் வரை’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கடல் மட்டத்தில் இருக்கிற சென்னையில் இது ஏறத்தாழ சரி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே கிட்டத்தட்ட 27 அங்குல பாதரசம்தான். சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும் சாதாரணக் கேஜில், குழாய்க்குள் ஒன்றுமே இல்லாமல் உறிஞ்சினாலும் முள் 27க்குப் பக்கத்தில் நின்றுவிடும். மாணவர் இதைப் பார்த்துப் பம்ப் சரியில்லை என்று நினைக்கிறார், அல்லது முள்ளைத் திருகி 30க்குக் கொண்டுவருகிறார். சொல்லித் தருகிறவர் தன் சுவரையும் தன் கேஜையும் ஒன்றாகப் பார்த்ததில்லை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

சரியான வழி மைக்ரான் கேஜ் (மைக்ரான் என்பது பாதரச மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது முழு அழுத்தத்தை அளப்பதால் ஊரின் உயரம் அதைத் தொடாது. மையத்தில் ஒரு மைக்ரான் கேஜ் இருக்கிறது. ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பார்க்கிறார்கள். செய்முறை என்னவோ சரியாகவே கற்றுத் தரப்படுகிறது: பம்ப் ஆயிலைப் பார், பால் நிறத்தில் இருந்தால் மாற்று. சர்வீஸ் போர்ட்டில் உள்ள ஊசி வால்வைக் கழற்று, இல்லையென்றால் உறிஞ்சும் நேரம் பல மடங்கு நீளும். கேஜைப் பம்ப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் மெஷின் பக்கம் மாட்டு. 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கியதும் பம்ப்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திரு. கொஞ்சம் ஏறி 1,500 போல ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

20 டிகிரி சூட்டில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 17,500 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். பம்ப் செய்கிற வேலை அதுதான், உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக வெளியே இழுப்பது. காற்றை எடுப்பது பாதி வேலைதான். ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் பிஓஇ என்ற செயற்கைக் கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும், உறிஞ்சினால் அமிலமாகும், அமிலம் கம்ப்ரஸர் வைண்டிங்கை அரிக்கும். ‘கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிட்டா போதும்’ என்கிற பழைய மெக்கானிக் வித்தை இதனால்தான் இப்போது உதவாது. அந்த வித்தையை இங்கே சொல்லித் தருவதில்லை, அதற்கு ஒரு மதிப்பெண் தரலாம்.

நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட்டில் ஒரு விவரம் விடுபடுகிறது. மதியம் 30 டிகிரியில் 400 பி.எஸ்.ஐ. ஏற்றி வைத்துவிட்டு, இரவு 20 டிகிரியில் வந்து பார்த்தால் 386க்குப் பக்கத்தில் இருக்கும். இது லீக் இல்லை, சூடு குறைந்ததால் வந்த இறக்கம். பெங்களூரில் பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். இதைச் சொல்லாமல் அனுப்பினால், வி.ஆர்.எஃப். (ஒரே அவுட்டோர் யூனிட்டில் பல இன்டோர் யூனிட்டுகள் ஓடும் பெரிய ஏசி) சைட்டில் வேலைக்குப் போகிற பையன் இல்லாத லீக்கைத் தேடிச் சோப்பு நுரையோடு ராத்திரி முழுக்க சுற்றுவான்.

கேஸ்: பாடம் ஆர்-22இல் நிற்கிறது

பட்டறையில் மெஷின்கள் ஆறு. மூன்று ஆர்-22, இரண்டு ஆர்-410ஏ, ஒன்றே ஒன்று ஆர்-32 இன்வெர்ட்டர் (கம்ப்ரஸர் வேகம் மாறி ஓடும் வகை). கடையில் இன்றைக்கு விற்கிற வீட்டு ஏசிகளின் நிலை இதற்கு நேர் எதிர். ஆர்-22ஐ இந்தியா 2030க்குள் முழுவதுமாகக் கைவிட ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்து ஆர்-410ஏ வகைக் கேஸ்கள் மீதும் கை வைக்கப்படுகிறது. இவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் எட்டப்பட்ட கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. புவி சூடேற்றும் கணக்கில் ஆர்-410ஏவின் எண் 2,088, ஆர்-32க்கு 675, ஆர்-290 என்கிற புரொப்பேனுக்கு ஒற்றை இலக்கம். எண் இறங்க இறங்கத் தீப்பிடிக்கும் குணம் ஏறுகிறது. இன்று படித்து வெளியே வருகிறவர் தொழில் வாழ்க்கையில் பெரும்பாலும் தொடப்போவது எரியும் கேஸ்.

இங்கேதான் பயிற்சி கோட்டை விடுகிறது. ஆர்-290 மெஷினில் குழாயைக் கழற்ற டார்ச் வைக்கக் கூடாது, கட்டரால்தான் வெட்ட வேண்டும். கேஸை வெளியேற்றி நைட்ரஜன் ஓட்டிய பிறகே நெருப்பு. அறைக் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இவை ஒரு ஸ்லைடில் முடிகின்றன. பழைய கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ரெக்கவரி மெஷின் ஒன்று உறை போட்டு ஓரமாக இருக்கிறது. வகுப்பு முடியும்போது கேஸை ஜன்னல் வழியாகத் திறந்து விடுகிறார்கள். கற்றுத் தருகிற இடத்திலேயே இப்படி என்றால், மாடி பால்கனியில் நிற்கிறவன் வேறென்ன செய்வான்?

சார்ஜ் செய்வதையும் அழுத்தம் பார்த்தே கற்றுத் தருகிறார்கள். ஆர்-22க்கு சக்‌ஷனில் 60 முதல் 70 பி.எஸ்.ஐ., ஆர்-410ஏவுக்கு 110 முதல் 130 என்று வாய்ப்பாடு. ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸருக்கு இது தோராயமாகச் செல்லும். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும்; இரவு குளிர்ந்த அறையில் 140 காட்டும், மதியம் முழு வேகத்தில் 110 காட்டும், கேஸ் அளவு என்னவோ அதேதான். சரியான முறை, உள்ளே இருப்பதை முழுக்க எடுத்து, வேக்குவம் போட்டு, நேம் பிளேட்டில் உள்ள கிராம் கணக்கைத் தராசில் வைத்து ஏற்றுவது. ஆர்-410ஏ இரண்டு கேஸ் கலந்தது என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாக எடுக்க வேண்டும். குழாய் நீளம் கம்பெனி சொன்னதைத் தாண்டினால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூட்ட வேண்டும், அந்தக் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும், இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் இருக்கும். தராசு இருக்கிறது, பேட்டரி இல்லை.

பம்ப் டவுன் பற்றியும் ஒரு எச்சரிக்கை சேர வேண்டும். அவுட்டோர் யூனிட்டைக் கழற்றும் முன் கேஸை அதற்குள் இழுத்து அடைப்பது பம்ப் டவுன். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ளேர் நட்டைத் தளர்த்தினாலோ, கேஸ் முழுக்கப் போய்விட்ட மெஷினில் பம்ப் டவுன் செய்தாலோ காற்று உள்ளே போகும். காற்றும் ஆயில் ஆவியும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும், கம்ப்ரஸர் வெடிக்கும். உயிர் போகிற விஷயம். நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜனில் பிரஷர் டெஸ்ட் செய்வதும் அதே வகை. ஆக்சிஜன் பற்றி அழுத்தமாகச் சொல்கிறார்கள். பம்ப் டவுன் ஆபத்து பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எலெக்ட்ரிகல்

பழைய சிங்கிள் பேஸ் கம்ப்ரஸர் வரை கெட்டிக்காரத்தனமான பாடம். மூன்று முனையில் எது காமன், எது ரன், எது ஸ்டார்ட் என்று மல்டிமீட்டரில் கண்டுபிடிப்பது: இரண்டு முனைக்கு இடையே 2 ஓம், வேறு இரண்டுக்கு 3, மிச்சத்துக்கு 5 என்றால், 5 காட்டிய இரண்டையும் விட்டு மீதி நிற்கும் முனை காமன். அதிலிருந்து 2 ஓம் காட்டுவது ரன், 3 காட்டுவது ஸ்டார்ட். கெபாசிட்டரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடித்துப் பொறி பறக்கவிடாமல் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்ய வைக்கிறார்கள். பாராட்டலாம்.

இன்வெர்ட்டருக்கு இரண்டே நாள், அதுவும் புரொஜெக்டரில். அவுட்டோர் யூனிட்டின் எலெக்ட்ரானிக் போர்டான பிசிபியில் 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது 310 முதல் 325 வோல்ட் ஆகிறது, சில போர்டுகளில் அதற்கும் மேலே போகும். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் அது சில நிமிடம் தங்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இதையாவது சொல்கிறார்கள். ஆனால் கம்ப்ரஸரின் யூ, வி, டபிள்யூ மூன்று முனைக்கும் இடையே ஓம் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது, கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை மாற்றி அனுப்பும் ஐபிஎம் மாட்யூலை டயோடு மோடில் சோதிப்பது, இன்டோர்-அவுட்டோர் கம்யூனிகேஷன் ஒயரில் அலையும் வோல்டேஜைப் பார்ப்பது எதுவும் செய்முறையில் இல்லை. சென்சார் சோதனைக்குப் பெரிய செலவுகூட இல்லை. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள சென்சாரை ஐஸ் தண்ணீரில் போட்டால் 30 கிலோ ஓமுக்குப் பக்கம் வர வேண்டும். ஒரு டம்ளர் ஐஸ் போதும். எர்ரர் கோடு வந்தால் போர்டை மாற்று என்பதே பாடமாக இருக்கிறது. அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும். பத்து ரூபாய் கனெக்டரில் ஏறிய துரு போர்டு மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

காற்றும் தண்ணீரும்

‘ஹெச்விஏசி’ என்று போர்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் நடுவில் இருக்கும் காற்றோட்டம் பாடத்தில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஏசியின் ஒரு டன் குளிர்ச்சித் திறனுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 400 கன அடி) காற்று காயிலைக் கடக்க வேண்டும். ஃபில்டர் அடைத்து அது பாதியானால் காயில் ஐஸ் கட்டும், கேஸ் குறைந்ததும் அதே ஐஸ்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறிய காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டரும் பொறுமையும் வேண்டும். ஐஸ் பார்த்தவுடன் கேஸ் சிலிண்டரைத் தூக்குகிற கை இந்தப் பாடம் இல்லாததால் வருவது. அறைக்கு எத்தனை டன் வேண்டும் என்ற ஹீட் லோடு கணக்கும் ‘120 சதுர அடிக்கு ஒரு டன்’ என்ற ஒற்றை வரி. மேற்கு ஜன்னலும் மொட்டை மாடிக் கூரையும் சேர்ந்த அறையையும், வடக்கு பார்த்த முதல் மாடி அறையையும் ஒரே வரியில் அடைக்க முடியாது.

டிரெயின் குழாய்க்கு அரை மணி நேரம். வீடுகளிலிருந்து வரும் புகார்களில் தண்ணீர் ஒழுகுவது முன்வரிசையில் நிற்பது. நூறு செ.மீ. போனால் ஒரு செ.மீ.யாவது இறங்க வேண்டும், நடுவில் தொய்வு கூடாது, நுனி வாளித் தண்ணீரில் முங்கக் கூடாது. மாட்டியவுடன் இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுவரை மூட வேண்டும். இந்த நான்கையும் செய்முறையாக வைத்திருந்தால் பயிற்சியின் மதிப்பே கூடியிருக்கும்.

பெங்களூரில் இந்தத் தொழிலின் நிலையான சம்பளம் வீட்டு ஏசியில் இல்லை. ஊர் அவ்வளவு சுடுவதில்லை. வெளிவட்டச் சாலை, ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் தண்ணீரைக் குளிரவைத்து அனுப்பும் சில்லர் ரூம், டேட்டா சென்டர், மருந்துத் தொழிற்சாலையின் கிளீன் ரூம், இவைதான் ஆண்டு முழுக்க ஆள் கேட்கும் இடங்கள். மையம் இதற்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு நாள் சில்லர் ரூம் சுற்றுலா. தண்ணீர் 7 டிகிரியில் போய் 12இல் திரும்புகிறது என்று அழைத்துப்போனவர் சொல்கிறார், எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் கூலிங் டவர் வழியாகக் கண்டென்சர் குழாயில் சுண்ணாம்பாகப் படிவது, அதை லாக் புக்கில் கண்டென்சர் அப்ரோச் (கண்டென்சரில் கேஸின் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம்) மெல்ல ஏறுவதிலிருந்து முன்கூட்டியே பிடிப்பது, ஸ்ட்ரெய்னரைக் கழுவுவது, குளிர்ந்த காற்றைத் தள்ளும் ஏஹெச்யூ யூனிட்டின் பெல்ட் இழுவையைப் பார்ப்பது, இவைதான் அங்கே ஹெல்பரின் முதல் வருட வேலை. ஒரு பழைய லாக் புக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி இல்லவே இல்லை. ஹார்னஸ் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அவுட்டோர் யூனிட்டை மூன்றாம் மாடி ஸ்லாபில் மாட்டப் போகிறவருக்கு அதை எங்கே கொக்கி மாட்டுவது என்று தெரிய வேண்டாமா?

சான்றிதழ், வேலை, கருவி

மூன்று மாதம் முடிந்ததும் கிடைப்பது மையத்தின் சொந்தக் காகிதம். அரசு அங்கீகாரம் உண்டு என்று யாராவது சொன்னால், எந்தத் திறன் கவுன்சில், எந்தத் தகுதி எண் என்று கேளுங்கள், ஸ்கில் இந்தியா தளத்தில் சரிபாருங்கள். ஐடிஐயின் ‘ரெஃப்ரிஜிரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன்’ டிரேடு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். முடித்தால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ், பிறகு அப்ரென்டிஸ் வாய்ப்பு. வெளிநாட்டுக்கோ அரசு வேலைக்கோ போக நினைப்பவருக்கு அந்தக் காகிதம்தான் உதவும். 17, 18 வயதுக்காரர் இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால் ஐடிஐக்கே போகட்டும். எல்லா ஐடிஐயிலும் இந்த டிரேடு இல்லை, விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். இந்த மூன்று மாதப் பயிற்சி பொருந்துவது ஏற்கெனவே எலெக்ட்ரீஷியனாகவோ ஏசி ஹெல்பராகவோ இருந்து, கையைத் திருத்திக்கொள்ள வருகிறவருக்கு.

‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்ற வாக்குறுதியின் பொருள், சர்வீஸ் ஃபிரான்சைஸியில் ஹெல்பர் வேலை. கம்பெனியின் சம்பளப் பட்டியலா, ஃபிரான்சைஸியின் தினக்கூலியா, பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, பைக்கும் பெட்ரோலும் யார் தலையில் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மையம் விற்கும் கருவிப் பெட்டியை வாங்க வேண்டாம். அதில் இருக்கும் பம்ப் சிங்கிள் ஸ்டேஜ் (டூ ஸ்டேஜ் அளவு ஆழமாக உறிஞ்சாது), மேனிஃபோல்டு கேஜ் ஆர்-22க்கானது. ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களின் சர்வீஸ் போர்ட் 5/16 அங்குலம், ஆர்-22இன் 1/4 அங்குல ஹோஸ் நேராக ஏறாது, அடாப்டர் வேண்டும். எஸ்.ஜே.பி. ரோடு, எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு நாள் சுற்றி, நல்ல கட்டர், ரீமர், எக்சென்ட்ரிக் ஃப்ளேரிங் டூல், கெபாசிட்டர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் நான்கையும் முதலில் வாங்குங்கள். டூ ஸ்டேஜ் பம்ப்பும் மைக்ரான் கேஜும் முதல் சீசன் வருமானத்தில் வாங்கலாம்.

சேருவதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் உள்ள கழிவு டப்பாவில் அறுத்த காப்பர் ஜாயின்ட்டுகள் குவிந்திருக்க வேண்டும். மைக்ரான் கேஜில் பேட்டரி இருக்கிறதா என்று ஸ்விட்சை அழுத்துங்கள். இன்வெர்ட்டர் மெஷின்கள் எத்தனை, ஒரு டார்ச்சுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அக்டோபர், நவம்பர் பேட்சில் சேர்ந்தால் பிப்ரவரியில் சீசன் தொடங்கும்போது கையில் வேலை இருக்கும். ஏப்ரல் பேட்சுக்குத் தள்ளுபடி தருகிறார்கள். அதில் சேர்ந்தால் ஜூலை மழையில் வெளியே வந்து, ஆள் குறைத்துக்கொண்டிருக்கும் கடைகளில்தான் வேலை கேட்க வேண்டியிருக்கும்.